வேதவல்லியின் புருஷன்

மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் பேசிப் பழகக் கணினித் திரையில் ஒரு நோயாளியை உருவாக்கினார்கள். அவளுக்கு வசனம் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியில் முப்பத்தாறு வருடம் ஓ.பி. சீட்டு எழுதி, ஒரு கோடி நோயாளிகளையாவது பார்த்தவன் நான். வேதவல்லி என்று பெயர் வைத்து, பக்கத்தில் ஒரு புருஷனையும் நிறுத்தினேன். அவளை வாய் திறக்க வைத்தால்தான் பாஸ். நானூறு பேர் தோற்றார்கள்.

மாணவி எழிலரசிக்கு இது மூன்றாவது தடவை. தேறாவிட்டால் ஒரு வருடம் வீண். பேராசிரியரும் நானும் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எங்கேம்மா வலிக்குது?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல டாக்டர், வெறும் கேஸ் ட்ரபிள்," என்றான் புருஷன்.

"அண்ணே, சீட்டுல சீல் இல்லையே. கீழ கவுண்டர்ல போய் வாங்கிட்டு வந்துடுங்க."

அதற்கு நான் வசனமே எழுதவில்லை. ஆனாலும் அவன் பதறிக்கொண்டு திரையை விட்டே போய்விட்டான். வேதவல்லி அவன் போன பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

"கதவச் சாத்திட்டு வா கண்ணு, சொல்றேன்."

எழிலரசி எங்கள் பக்கம் திரும்பினாள். மார்க் தாளோடு பேராசிரியரும், பின்னாலேயே நானும் வெளியேறினோம். முக்கால் மணி நேரமாக வராந்தாவில் நிற்கிறோம். உள்ளே இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்.