கட்டிங் பிளேயரும் அலாரம் ஒயரும்

ஒரு வீட்டின் வாசல் நிலையோரமாக அலாரம் ஒயர் ஒன்று ஓடியது. வீட்டார் கல்யாணத்துக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், திருடன் ஒருவன் வந்து முதல் வேலையாக மெயின் ஃபியூஸைப் பிடுங்கினான். பிறகு பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து ஒயர் பக்கம் நீட்டினான்.

"கரண்டுதான் போயாச்சே, இனி உனக்கு ஏது உயிர்?" என்று வாயைப் பிளந்தது கட்டிங் பிளேயர்.

ஒயருக்குச் சிரிப்பு வந்தது. அலாரப் பெட்டிக்குள் இருந்த பேட்டரி அனுப்பும் சின்ன மின்சாரம் அதன் உடம்பில் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"என்னைத் தொடாமப் போயிடு. உனக்கும் நல்லது, உன்னைப் பிடிச்சிருக்கிறவனுக்கும் நல்லது."

"பயந்துட்டியா? எத்தனை பேர் வாயை அடைச்சிருக்கேன் தெரியுமா! ஒரே கடி. அப்புறம் நீ மூச்சுவிட மாட்டே."

"அப்படின்னா கடி" என்றது ஒயர். வலிக்கும் என்று அதற்குத் தெரியும். ஆனாலும் நெளியாமல் நின்றது.

நறுக்கென்று கடித்தது கட்டிங் பிளேயர். அந்தக் கணமே மாடிச் சுவரிலிருந்த சைரன் தெருவே அதிரும்படி அலறியது. அக்கம்பக்கத்துக் கதவுகள் படபடவென்று திறந்தன. கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிய திருடனை, தெருமுனையில் இஸ்திரி வண்டிக்காரர் மடக்கிப் பிடித்தார்.

தரையில் கிடந்த கட்டிங் பிளேயருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "உன்னைத்தான் ரெண்டு துண்டாக்கிட்டேனே! அப்புறம் எப்படிக் கத்தினே?"

"நான் எங்கே கத்தினேன்?" என்றது ஒயர். "இத்தனை நாளா அந்தச் சைரனைக் கத்தவிடாமப் பிடிச்சு வச்சிருந்ததே நான்தான்."