கேரவனுக்கு அடியில் நாத்தனார்

விடிந்தும் விடியாத நேரத்தில் படுக்கைக்கு அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். லோர்னா கேரவன் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். சக்கரத்துக்குப் பக்கத்தில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பூப்போட்ட செருப்பு அவளுடைய நாத்தனார் அசுந்தாவுடையது.

ஆக, இத்தனை நாளும் அழிச்சாட்டியம் பண்ணியது இந்தப் பாசக்காரிதான்!

கணவன் சில்வியோவின் குடும்பத்துக்கு ஆஸ்திரேலியாவின் இங்காம் ஊரில் கரும்புத் தோட்டம். கேரவன் என்கிற அந்தச் சக்கர வீட்டைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு வந்தவர்கள், போகிற வழியில் ஒரு ராத்திரி தலையைக் காட்டிவிட்டுப் போகலாம் என்றுதான் இங்கே திரும்பினார்கள். சனிக்கிழமை, இரண்டு நாள் பயணத் தூரத்தில் இருக்கும் மவுண்ட் ஐசாவில், லோர்னாவின் தங்கை மொரீனுக்குக் கல்யாணம். ஐம்பத்தெட்டு வயதில் முதல் கல்யாணம். பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள லோர்னாவுக்கு அந்த ஒரு ஜீவன்தான்.

சில்வியோவுக்கோ அக்கா, அண்ணன், சித்தப்பா, ஒன்றுவிட்டது, இரண்டுவிட்டது என்று ஒரு பள்ளிக்கூடமே நடத்தலாம். வந்து இறங்கியதும் ஒருவர் பாக்கியில்லாமல் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்கள். முத்தம் முடியவே மதியச் சாப்பாட்டு வேளை ஆகிவிட்டது. சாப்பாடு முடிய இருட்டிவிட்டது.

மறுநாள் கிளம்பும்போது கேரவனின் பிரேக் விளக்கு எரியவில்லை. வயர் அறுந்து தொங்கியது. "என்ன அவசரம், இருங்களேன்!" என்றது மொத்தக் குடும்பமும். சில்வியோ அரை மனதாகக்கூட மறுக்கவில்லை. நேராகப் போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான்.

அவனுக்கென்ன, அந்த வீட்டின் கடைக்குட்டி. கேரவனில் பாத்திரம் கழுவுவதும், கழிப்பறைப் பெட்டியைச் சுமந்துபோய்க் கொட்டுவதும் அவன் வேலை. இங்கே வாழைப்பழத்தைக்கூட உரித்துக் கொடுத்தார்கள். தூங்குவதும் சின்ன வயதில் தூங்கிய கட்டிலில்தான்.

அதற்கு அடுத்த நாள் லோர்னா கிளம்பத் தயாராகி உள்ளே போனபோது, அவன் இரவு உடையோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தான். இன்னும் வாசல் பக்கமே போயிருக்கவில்லை.

"இன்னிக்கும் முடியாது லோர்னா. இடது பக்கச் சக்கரத்துல காத்து இல்ல."

"அதனால என்ன, இருங்களேன்!" என்று அசுந்தா அவன் தட்டில் இன்னொரு சாசேஜைப் போட்டாள்.

இன்று வியாழக்கிழமை. இன்று கிளம்பாவிட்டால் கல்யாணத்தைப் போட்டோவில்தான் பார்க்க வேண்டும். லோர்னா செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடினாள்.

"அக்கா! வெளிய வாங்க!"

அசுந்தா ஊர்ந்து வெளியே வந்தாள். கையில் ஸ்பேனர், கன்னத்தில் கிரீஸ். கரும்பு வெட்டும் இயந்திரத்தையே பிரித்து மேய்கிறவளுக்குச் சக்கரம் எம்மாத்திரம்?

"உங்க பாசத்துல இடி விழ!" லோர்னா கத்தினாள். "எனக்கு இருக்கறது ஒரே தங்கச்சி. அவ கல்யாணத்துல நான் பக்கத்துல நிக்க வேணாமா? தம்பியை விட மனசில்லைன்னா அவனை நீங்களே வச்சுக்கோங்க. வண்டியில ஏன் கைய வைக்கறீங்க?"

"மெதுவா பேசும்மா, எல்லாரும் எழுந்துடப் போறாங்க. விட மனசில்லையா? எனக்கா? வேளைக்கு முப்பது பேருக்கு ஆக்கிப் போடறேன். அதுல துரைக்கு மட்டும் முட்டை தனி, காப்பி தனி!"

"அப்புறம் எதுக்கு தினமும் இருங்க, இருங்கன்னு உயிரை வாங்கறீங்க?"

"வந்தவங்களைப் போங்கன்னு சொல்ற வழக்கம் இந்த வீட்ல கிடையாது. எங்கப்பா காலத்துல ஒரு மாமா, மழை விடட்டும்னு ஒதுங்கினவரு, பதினோரு வருஷம் இருந்தாரு. அவருக்கும் கடைசி வரைக்கும் இருங்கன்னுதான் சொன்னோம்."

லோர்னா ஸ்பேனரைக் கைகாட்டினாள். "நாங்க போனா சரின்னு நினைக்கறவங்க, சக்கரத்தை எதுக்கு அக்கா கழட்டணும்?"

அசுந்தா குனிந்து கடைசி நட்டை இறுக்கினாள். ஸ்பேனரை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, வீட்டுப் பக்கம் ஒரு முறை முறைத்தாள்.

"நான் மாட்டறேன்மா. கழட்டின துரை உள்ள குறட்டை விட்டுட்டிருக்கான்."