வார்னிஷ் பூசிய கொட்டைகள்

இலைகள் சிவந்து உதிரும் காலத்தில், ஒரு தாய் அணில் தன் மூன்று குட்டிகளுக்காக வாதாங்கொட்டைகளைப் பொறுக்கி மரத்தின் வேரடியில் சேர்த்து வைத்திருந்தது. ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் ஒன்றுகூட இல்லை. எதிர்வீட்டுக் கோமளா சருகுகளோடு சேர்த்து எல்லாவற்றையும் கூடையில் அள்ளிப் போயிருந்தாள்.

அணில் ஜன்னல் வழியாக உள்ளே பாய்ந்தது. கூடத்தில் சருகுகள் தோரணமாகத் தொங்கின. மேஜைமேல் கண்ணாடிக் கிண்ணத்தில் கொட்டைகள் பளபளத்தன. ஒன்றைக் கடித்ததும் நாக்கு எரிந்தது.

"வார்னிஷ் பூசியிருக்கு. பார்க்க அழகா இல்லையா?" என்றது கிண்ணம். "நேத்து வந்த விருந்தாளிங்க எல்லாரும் அசந்து போயிட்டாங்க."

"எத்தனை பேர் சாப்பிட்டாங்க?"

"சாப்பிடறதா? யாரும் தொடக்கூட இல்லை."

அணிலின் வால் மயிர் சிலிர்த்தது. "தின்னு தீர்த்திருந்தாக்கூட மன்னிச்சிருப்பேனே! என் பிள்ளைங்க அங்கே பட்டினி கிடக்குது!"

கொட்டைகளை ஒவ்வொன்றாக முகர்ந்து முகர்ந்து வெளியே எறிந்தது. அடியில் ஒன்றே ஒன்றில் மட்டும் வார்னிஷ் படவில்லை. அதைக் கவ்விக்கொண்டு ஜன்னலில் ஏறும்போது கோமளா துடைப்பத்தோடு ஓடி வந்தாள்.

"அடி திருட்டு அணிலே! என் கொட்டையைப் போடு கீழே!"

சுரீரென்று ஒரு பதில் அணிலின் தொண்டை வரை வந்தது. வாயைத் திறந்தால் கொட்டை விழுந்துவிடும். பதிலை விழுங்கிக்கொண்டு அது மரத்தை நோக்கித் தாவியது.