கட்டினவளுக்குத் தெரியாமல்

“உங்க வீட்டம்மாவுக்குச் சந்தேகம் வந்தாச்சா?” என்று கேட்டபடி கதவைத் தாழிட்டார் டாக்டரம்மா.

பேருந்து ஓட்டுநருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருபத்தாறு வருடம் ஸ்டியரிங் பிடித்த கை, சொந்த பெல்ட்டின் கொக்கியில் சிக்கி நின்றது.

“தனியாப் படுக்கிறீங்க. கேட்டா குறட்டைனு சாக்குச் சொல்றீங்க. உள்துணியை நீங்களே அலசிக் காயப்போடுறீங்க. வேற எவளோ இருக்கானு அவங்க மனசுக்குள்ள புழுங்கிட்டிருப்பாங்க.”

“நான் அந்த இடத்துல புண்ணுனு மட்டும்தானே சொன்னேன்? அவ உங்ககிட்ட வந்து பேசினாளா?”

“இல்லை. படுங்க, பார்க்கணும்.”

முன்தோலுக்கு அடியில் ஆறாத புண். எட்டு மாதமாகக் களிம்பைத் தடவியே காலத்தை ஓட்டியிருந்தார். டாக்டரம்மாவின் விரல் வலது தொடை இடுக்கில் போய் நின்றது. அதே இடத்தை மறுபடி அழுத்தியது.

“நெறி கட்டியிருக்கு. எவ்வளவு நாளா?”

“ரெண்டு மாசம். பிரேக் மிதிச்சு மிதிச்சு வந்த வீக்கம்னு நினைச்சேன்.”

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தார். “பார்த்தா புற்றுநோய் மாதிரி இருக்கு. புண்ணுல ஒரு துணுக்கு எடுத்துச் சோதிச்சாத்தான் உறுதியாகும். நெறியிலயும் ஊசி வச்சு எடுக்கணும், ஸ்கேன் பார்க்கணும். அப்புறம்தான் எந்தக் கட்டம்னு சொல்ல முடியும்.”

“கட்டம்னா?”

“தோலோட நின்னிருந்தா முதல் கட்டம். உள்சதைக்கு இறங்கியிருந்தா ரெண்டு. இந்த நெறிக்குப் பரவியிருந்தா மூணு.”

“அதுக்கு மேல?”

டாக்டரம்மா குனிந்து சோதனைச் சீட்டை எழுத ஆரம்பித்தார்.

“பொழைச்சுக்குவேனா?”

“இன்னிக்கே ஆரம்பிச்சா வழி இருக்கு. முதல்ல அவங்களை உள்ள கூப்பிடுங்க.”

வெளியே பெஞ்சில் மனைவி. சர்க்கரை பார்க்க வந்திருக்கிறோம் என்று சொல்லித்தான் அவளை அழைத்து வந்திருந்தார்.

ஓட்டுநர் பாதி எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். “வேண்டாம்மா, கையெடுத்துக் கும்பிடறேன். கட்டினவகிட்ட இதை எப்படிக் காட்டுறது? உங்க வீட்டு ஆம்பளைக்கு வந்திருந்தாத்தான் இந்த வெக்கம் உங்களுக்குப் புரியும்.”

பேனா நின்றது.

“என் வீட்டுக்காரர் என்கிட்ட காட்டினப்போ நாலாவது கட்டம்.”