நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

கைபேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

உடனே நிமிர்த்தினாள்.

அவள் போட்டதற்கு இன்னும் ஒரு பதிலும் வரவில்லை.

ஞாயிறு, மூன்று மணி. மாயக்கதை வாசகர் வாட்ஸ்அப் குழுவில் பரிந்துரை நேரம். நாற்பது பேரும் ஆளுக்கொரு ஊரில் இருந்தாலும் இந்த ஒரு மணி நேரம் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அவளுக்கு வாரம் முழுக்க வேறு கூடம் கிடையாது.

மாற்றலாகி அறந்தாங்கி வந்து மூன்று வருடம் ஆகிறது. வீட்டுக்காரம்மாவிடம் தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேசுவாள். அலுவலகத்தில் கோப்புகளைப் பற்றிப் பேசுவாள். பேசும் மரங்களையும் பறக்கும் பாம்புகளையும் பற்றிப் பேச இந்த நாற்பது பேர்தான்.

தனியாகத்தான் இருந்தாள். அதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன்.

குழுவில் ஒரு விதி உண்டு. புத்தகத்தின் பெயரைச் சொன்னால் போதாது, அதில் வரும் ஒரு காட்சியையும் சொல்ல வேண்டும். பின்னட்டையைப் படித்துவிட்டு அளந்துவிடுகிறவர்களுக்காக, குழுவை நடத்தும் எபனேசர் சார் கொண்டுவந்தது.

சொந்தப் புத்தகத்தைப் பரிந்துரைக்கக் கூடாது என்பது இன்னொன்று. போன சித்திரையில் ஒருவர், புனைபெயரில் எழுதிய தன் நாவலைத் தானே ஆகா ஓகோ என்று புகழ்ந்து மாட்டிக்கொண்டார். நீக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவரை வைத்துத்தான் சிரிப்பு.

அவளும் சிரித்தாள். அவளுக்கும் புனைபெயரில் ஒரு நாவல் இருந்தது.

'நடந்துபோகும் ஏரி' வந்து இரண்டு வருடம். அட்டையில் ஓர் ஆணின் பெயர். அது இவள்தான் என்று பதிப்பாளர் ஒருவருக்குத்தான் தெரியும். ஒரு ஞாயிறுகூட அதன் பெயர் குழுவில் வந்ததில்லை. நன்றாக இல்லை என்றாவது யாராவது சொல்வார்கள் என்று பார்த்தாள். திட்டுவதற்குக்கூட ஆள் கிடைக்காத புத்தகம்.

இன்று பொறுக்க முடியவில்லை. எழுதிப் போட்டுவிட்டாள்.

“நடந்துபோகும் ஏரி. ராத்திரியில் எழுந்து ஊர் ஊராக நடக்கும் ஓர் ஏரியின் கதை. எனக்குப் பிடித்தது கொக்கு வரும் இடம். ஏரி கிளம்பிப் போன பிறகும் ஒரு கொக்கு மட்டும் சேற்றிலேயே நிற்கிறது. நீ ஏன் போகவில்லை என்று மதகுக்காரி கேட்கிறாள். ஏரி திரும்பி வரும்போது இடம் தெரிய வேண்டாமா என்கிறது கொக்கு.”

நான்கு நிமிடம் ஆயிற்று.

ஒரு கட்டைவிரல். ஒரு பூ. படிக்காதவர்கள் மரியாதைக்குப் போடுவது.

பிறகு விளாத்திகுளம் தவசிமுத்து வந்தான். லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. வாரத்துக்கு ஒரு வரி எழுதினால் அதிகம்.

“கொக்கு எந்த அத்தியாயத்துல வருதுக்கா? நான் ரெண்டு தடவ படிச்சாச்சு. கொக்கே இல்லையே.”

அவளுக்குக் காது சூடாகிவிட்டது.

இல்லைதான். ஒரு ஃபாரம், பதினாறு பக்கம், குறைத்துக் கொடுங்கள் என்று பதிப்பாளர் கேட்டபோது அவள்தான் கொக்கை எடுத்துக் கொடுத்தாள். அச்சான புத்தகத்தைப் பிரித்துப் படிக்க மனம் வரவில்லை. அவள் தலைக்குள் இருந்த ஏரியிலிருந்து கொக்கு போகவே இல்லை.

புத்தகத்தில் இல்லாத காட்சி யாருக்குத் தெரியும்? எழுதியவருக்குத் தெரியும். எபனேசர் சாருக்கு அது புரிய எவ்வளவு நேரம் பிடிக்கும்.

அழிக்கப் போனாள். அதற்குள் பதினேழு பேர் பார்த்திருந்தார்கள்.

தப்பிக்க வழி இருந்தது. படிப்பவர்கள் எல்லோருக்கும் நடப்பதுதான். எழுதினாள்.

“வேற புத்தகத்தோட குழப்பிக்கிட்டேன் தம்பி.”

எல்லோரும் நம்புவார்கள். அடுத்த ஞாயிறும் இந்தக் கூடத்தில் உட்காரலாம். அதற்கடுத்த ஞாயிறும். புத்தகம் மட்டும் பழையபடி யாருக்கும் தெரியாமல் கிடக்கும்.

அனுப்பும் முன் அவன் எழுதியதை இன்னொரு முறை பார்த்தாள்.

ரெண்டு தடவ.

இப்போதுதான் அது கண்ணில் பட்டது. விளாத்திகுளத்தில், லாரிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, ஒருவன் அவள் புத்தகத்தை இரண்டு தடவை படித்திருக்கிறான். இத்தனை நாளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாவி.

நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

தவசிமுத்து மறுபடி எழுதினான்.

“இருந்திருந்தா நல்லாத்தான்க்கா இருந்திருக்கும். 112ஆம் பக்கம் முடியிற இடத்துல எதையோ உருவுன மாதிரி இருந்துச்சு. ரெண்டு தடவையும் அங்கதான் தட்டுச்சு.”

அவள் அந்த எண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து கலங்கித் தெரிந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

எழுதி வைத்திருந்ததை அழித்தாள்.

“112தான் தம்பி. அங்கதான் நின்னுச்சு.”

அனுப்பினாள்.

எபனேசர் சார் ஏதோ எழுதுகிறார் என்று மேலே காட்டியது. எழுதட்டும் என்று கைபேசியை மேசையில் வைத்துவிட்டு, பீரோவைத் திறந்து அந்தப் பதினாறு பக்கத்தைத் தேடத் தொடங்கினாள்.