திருப்பத்தில் ஒரு நாற்காலி

“நடைபாதை அப்புறம் வரட்டும் சார். முதல்ல அந்த நாற்காலியைத் தூக்கச் சொல்லுங்க!”

தையல்காரம்மா எழுந்து நின்று இப்படிச் சொன்னதும் கூட்டம் கைதட்டியது.

ஊர் பெருத்துவிட்டது, தெரு மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. அதைச் சரி செய்ய, ஞாயிற்றுக்கிழமை காலையில் நகராட்சிப் பொறியாளர் கருத்துக் கேட்க வந்திருந்தார். கூட்டம் நடந்தது மாடியில். அதனால் நடக்கச் சிரமப்படுகிறவர்களின் கருத்து மட்டும் படியேறி வரவில்லை.

ஆளாளுக்கு ஒன்று கேட்டார்கள். மருந்துக்கடைக்காரர் வேகத்தடை கேட்டார், டீச்சர் தெருமுனை வரைக்கும் பஸ் கேட்டார். எல்லாவற்றுக்கும் “பார்க்கலாம், நிதி வரணும்” என்றே சொல்லிக்கொண்டிருந்த பொறியாளருக்கு, நாற்காலி என்றதும் முகம் மலர்ந்தது. அதற்கு நிதி வேண்டியதில்லையே!

“யார் நாற்காலிம்மா?”

“அதோ, கடைசி வரிசையில உட்கார்ந்திருக்காரே, அவரோடதுதான். லாரி ஓட்டி ரிட்டையர் ஆனவர். சாயங்காலம் ஆனா என் கடைக்குப் பக்கத்துத் திருப்பத்துல, நடு ரோட்டுக்கு வராத குறையா நாற்காலியைப் போட்டு, காலை நீட்டிக்கிட்டு நந்தி மாதிரி உட்கார்ந்துடுவார். ஜட்ஜ்னே பேர் வச்சிருக்கோம். ஒரு கஸ்டமர் காரை நிறுத்த முடியுதா? ரோடு என்ன இவங்க அப்பன் வீட்டுச் சொத்தா?”

மறுபடியும் கைதட்டல்.

“ஏங்க பெரியவரே, வீட்டு வாசல்ல உட்காரக் கூடாதா?” என்றார் பொறியாளர்.

ஜட்ஜ் எழுந்தார். “காத்து வாங்கறேன் சார்.”

“அந்த வண்டிப் புகையிலயா?”

எல்லோரும் சிரித்தார்கள். ஜட்ஜும் சிரித்துவைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், தையல்காரம்மாவை ஒரு தடவை பார்த்தார்.

“சரி சார். இனிமே போடலை” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அன்று சாயங்காலம் தையல்காரம்மாவின் கணவர் கைத்தடியோடு கிளம்பினார். பக்கவாதம் வந்ததிலிருந்து, தினமும் நடந்தால்தான் கால் தேறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“நான் கூட வரட்டுமா?”

“நான் என்ன குழந்தையா? பூங்கா வரைக்கும் தனியாத்தானே தினமும் போயிட்டு வர்றேன்?”

தனியாக! அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் மனுஷர் மறுபடி நிமிர்ந்திருந்தார். அவளும் அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

கடைக்குப் போய் மெஷினில் உட்கார்ந்தாள். மெஷின் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தது. ரோடு என்பது அவளுக்கு முதுகுக்குப் பின்னால் கேட்கும் ஹார்ன் சத்தம்தான்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கஸ்டமர் வந்தாள். “இன்னிக்குத்தான் அந்தத் திருப்பத்துல காரை நிறுத்த முடிஞ்சுதுக்கா. ஜட்ஜ் இல்லையே!”

“தூக்க வச்சுட்டோம்ல!” என்றபடி தைத்த துணிகளை எடுத்துக்கொண்டு கார் வரைக்கும் வந்த தையல்காரம்மா, அப்படியே நின்றுவிட்டாள்.

திருப்பத்தில் மின்கம்பத்துக்கு அந்தப் பக்கம் அவள் கணவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் சீறிக்கொண்டு போகும் வண்டிகள், நடுவே வழியை அடைத்துக்கொண்டு கார். காரைச் சுற்றிக்கொண்டு வருவதற்குத் தடியை எடுத்து வைப்பதும், ஹார்ன் கேட்டுப் பின்வாங்குவதுமாக இருந்தார். முகம் வெளுத்திருந்தது.

“தினமும் வர்ற வழிதான்” என்றார் அவளைப் பார்த்து. “இன்னிக்கு என்னமோ ரோடே மாறிப்போச்சு. என்னால முடியலை.”

அவருக்குப் பின்னால் ஒரு சின்ன வரிசையே நின்றது. அதிலிருந்து, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்திருந்த பக்கத்து வீட்டுப் பெண் சாக்கடை ஓரமாக எட்டி வந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்:

“எங்கக்கா ஜட்ஜைக் காணோம்? அவர் உட்கார்ந்தாத்தான் வண்டிங்க ஒதுங்கிப் போகும். நாங்க அவர் முதுகுக்குப் பின்னாடி பயமில்லாம போயிடுவோம்.”

“எத்தனை நாளா?”

“உங்க வீட்டுக்காரர் தடியோட நடக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்துதான். ஒருநாள் இதே இடத்துல அவர் தடுமாறினதை ஜட்ஜ் பார்த்திருக்கார். ‘தனியா நடக்கிறோம்னு சந்தோஷமா இருக்கார், யாரும் சொல்லிடாதீங்க’ன்னார். உங்க வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது.”

ஒற்றை ஆள், ஒரு பழைய நாற்காலி. நகராட்சியால் இத்தனை வருஷமாகப் போட முடியாத நடைபாதையை அந்த மனுஷர் காலை நீட்டியே போட்டு வைத்திருந்தார்! காலையில் அவர் தன்னைப் பார்த்த பார்வையும் வாயை மூடிக்கொண்டதும் இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

“முதல்ல காரை எடும்மா” என்றாள் கஸ்டமரிடம்.

கடைக்குள் ஓடி மெஷின் ஸ்டூலைத் தூக்கி வந்தாள். திருப்பத்தில் ரோட்டுக்குள் போட்டு உட்கார்ந்து, காலை நன்றாக நீட்டினாள்.

ஒரு மோட்டார் சைக்கிள் கிறீச்சிட்டு ஒதுங்கியது. “ரோடு என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?”

அவள் காலை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

முதுகுக்குப் பின்னால் கைத்தடியின் சத்தம் மெல்ல நகர்ந்து வந்தது. தள்ளுவண்டி உருண்டது. அவளைத் தாண்டியதும் கணவர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

“பார்த்தியா, தனியாவே வந்துட்டேன்! ஆமா, கடையை விட்டுட்டு நீ என்ன இங்க உட்கார்ந்திருக்கே?”

“ஒண்ணுமில்லைங்க” என்றாள். “காத்து வாங்கறேன்.”