பதினேழாம் நம்பர் வீடு

“இந்த வாரமும் பதினேழாம் நம்பர் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டலையா?”

சக்கரபாணி போட்ட சத்தத்தில், சைட் ஆபீஸ் கொட்டகைக்கு வெளியே மணல் சலித்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“தண்ணி ஊறுது சார்” என்றார் சூப்பர்வைசர் பாலகுரு.

“பதினாறுல ஊறல. பதினெட்டுல ஊறல. நடுவுல இருக்கிற பதினேழுல மட்டும் ஊறுதா?”



மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய மேட்டில், சுனாமியில் வீடு போன மீனவக் குடும்பங்களுக்கு ஓர் அறக்கட்டளை வீடு கட்டிக்கொண்டிருந்தது. எந்த வேலை முடிந்தால் எந்த வேலை தொடங்கும் என்று கம்ப்யூட்டரில் கோத்துக் கொடுப்பது இன்ஜினியர் சக்கரபாணியின் வேலை. கடைக்கால் முடிந்தால் சுவர். ஒரு வரிசைச் சுவர் மொத்தமும் எழும்பினால்தான் அந்த வரிசைக்கு ரூஃப் கான்கிரீட். ஒன்று நின்றால் அதோடு கோத்ததெல்லாம் நிற்கும். பதினேழு நின்றதில், மூன்றாவது வரிசை முழுக்கத் திரையில் சிவப்பாகக் கிடந்தது.

“அந்த ஒரு வீட்டை மட்டும் கடைசி வரிசைக்கு மாத்திடுங்க சார். போன மாசமே கேட்டேன். மத்த வீட்டு வேலை நிக்காம போகும்.”

“மாத்தலாம். மவுஸ பிடிச்சு இழுத்தா முடிஞ்சுது. ஆனா எதுக்கு மாத்தணும்? காரணம் சொல்லுங்க.”

“காரணம் இருக்குது சார். அத நான் சொல்லக் கூடாது.”

“அப்ப நானும் மாத்தக் கூடாது.”

பாலகுரு வெயிலில் இறங்கிப் போனார்.

அவர் போகிறவரை காத்திருந்த ஸ்டோர் கீப்பர் காசிலிங்கம் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தான்.

“காரணம் எனக்குத் தெரியும் சார். அந்த வீடு மலர்கொடின்னு ஒரு பொண்ணுக்கு ஒதுக்கினது. புருஷன் கரையில வலை பிரிச்சிட்டிருந்தவன், அலை வாரிட்டுப் போயிடுச்சு. சின்ன வயசு. நம்ம ஆளு சாயங்காலமானா அந்தப் பொண்ணோட கொட்டகைப் பக்கம் நின்னு பேசிட்டிருப்பாரு.”

“சும்மா எதையாவது சொல்லாத.”

“நானே பாத்தேன் சார். அவ அழுவுறா, இவரு தலையாட்டுறாரு. வீடு கைக்கு வந்துட்டா அவளுக்கு இவரோட தயவு எதுக்கு?”

சக்கரபாணி வெளியே பார்த்தான்.

எதிரே அந்தக் குடும்பங்கள் தங்கியிருந்த தார் ஷீட் கொட்டகைகள் வரிசையாக வெந்துகொண்டிருந்தன. உள்ளே இருக்க முடியாமல் பெண்கள் கைக்குழந்தைகளோடு நிழல் தேடி உட்கார்ந்திருந்தார்கள். ஐப்பசி வந்தால் மழை பிடித்துக்கொள்ளும். ஒரு மனுஷனுடைய சபலத்துக்காக ஒரு வரிசைக் குடும்பம் இன்னொரு மழையிலும் நனைய வேண்டுமா?

அன்றே தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தான். வேலையை வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்றான். நடத்தையும் சரியில்லை என்று சேர்த்துச் சொன்னான்.

பாலகுருவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பியவர், ஆபீஸ் வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“சார், பதினேழ மட்டும் கடைசியா எடுத்துக்குங்க.”

சக்கரபாணி கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பவே இல்லை.

புது சூப்பர்வைசர் வந்ததும், சக்கரபாணி முதல் வேலையாகப் பதினேழுக்குத்தான் கடைக்கால் தோண்டச் சொன்னான். தண்ணீர் ஒரு சொட்டுகூட ஊறவில்லை. திரையில் சிவப்பு மறைந்தது. மழைக்கு முன்னால் மூன்றாவது வரிசைக்கு ரூஃப் போட்டாகிவிட்டது. தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டிப் பேசினார்கள்.

கார்த்திகையில், மழை விட்டிருந்த ஒரு காலையில் சாவி கொடுத்தார்கள். ஷாமியானா துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது வரிசைக்குச் சக்கரபாணியையே கொடுக்கச் சொன்னார்கள்.

“பதினேழு, மலர்கொடி.”

அவள் வந்தாள். முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். மற்றவர்கள் சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இவள் அதைப் பார்க்காமலே வாங்கினாள்.

சக்கரபாணிக்கு அவள்மேல் இரக்கமாக இருந்தது.

“உங்க வீடுதாம்மா ரொம்ப இழுத்துடுச்சு. தண்ணி ஊறுதுன்னு பொய் சொல்லி அந்த பாலகுரு தள்ளிக்கிட்டே வந்தாரு. இனிமே அவர் தொந்தரவு இருக்காது.”

அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

“ஐயோ, அந்த அண்ணனை ஒண்ணும் சொல்லாதீங்க சார். என் வீட்டைக் கடைசியாக் கட்டுங்கன்னு நான்தான் அவரு கால்ல விழுந்து கேட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னும் கேட்டேன்.”

“நீங்களா? எதுக்கு?”

“எங்க வீட்டுக்காரரு ஒடம்பு கெடைக்கவே இல்லீங்க சார். அந்தமான் பக்கம் எங்கியாவது ஒதுங்கியிருப்பாரு, வந்துடுவாருன்னு இருந்தேன். ஊர்ல கூடிப் பேசி முடிவா சொல்லிட்டாங்க.”

“என்னன்னு?”

“புது வீட்டுல பால் காய்ச்சறதுக்கு முன்னாடி அவருக்குக் கருமாதி முடிச்சாகணும்னு. வீடு எப்ப முடியுதோ அப்ப பண்ணிக்கலாம்னு விட்டிருந்தாங்க.”

கூட்டத்தில் அடுத்த நம்பரை யாரோ கூப்பிட்டார்கள். அவள் நகர்வதற்கு முன் மெதுவாகச் சொன்னாள்:

“வீடு முடிஞ்சிடுச்சுன்னு ஆள் வந்து சொன்னதும், முந்தாநாள் என் தாலிய எறக்கிட்டாங்க சார்.”